சேர்வராயன் மலையில் ஒரு வேட்டைக் கூறு

ஏற்காட்டுக்குப் போகிறவர்கள் என்ன பார்த்துவிட்டு வருவார்கள் என்பது நேயர்களுக்குத் தெரிந்த விஷயந்தான். ஏரியில் ஒரு படகு சவாரி. லேடீஸ் ஸீட் பாறையில் உட்கார்ந்து கீழே சேலம் பட்டணத்தின் விளக்குகளை வேடிக்கை பார்த்தல். பகோடா பாயிண்டில் ஒரு புகைப்படம். இறங்கும்போது காப்பிப் பொடியும் மிளகும் தலைக்கு ஒரு பொட்டலம். நாமும் பல தடவை இவ்வளவோடு திருப்தி அடைந்து திரும்பியவர்கள்தாம். சில வருஷங்களுக்கு முன்பு தைப் பொங்கலை ஒட்டி, குடும்ப சகிதமாய், இருபது கொண்டையூசி வளைவுகளையும் தாண்டி மேலே போனபோது நமக்கு வேறோர் அனுபவம் வாய்த்தது. அதைத்தான் இங்கே எழுத உத்தேசம்.

ஆரம்பத்திலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறோம். இது மான் வேட்டையைப் பற்றிய கட்டுரை. சைவ நேயர்கள் முகத்தைச் சுளிக்க வேண்டாம். இதில் ஒரு மானும் சாகப் போவதில்லை. நம் கூட வந்த அத்தையம்மாள் வெங்காயத்தைக்கூடத் தொடாத ஆசாரக்காரர். அவரே கடைசி வரையில் உட்கார்ந்து கேட்டுவிட்டுத்தான் எழுந்தார்.

மலை உச்சியில், 5,326 அடி உயரத்தில், ஒரு குகைக்குள் சேர்வராயனும் காவேரியம்மனும் எழுந்தருளியிருக்கிறார்கள். தரிசனம் முடிந்து திரும்பும் வழியில் ஒரு சிற்றூரில் வண்டி நின்றது. வண்டி நின்றதற்குக் காரணம் அதற்கே தெரியும். டிரைவர் அதன் அடியில் படுத்துக்கொண்டார். நாம் ஒரு வீட்டுத் திண்ணையில் இடம் கேட்டோம். வயது எண்பதுக்குக் குறையாத பெரியவர் ஒருவர் பாயை விரித்துப் போட்டு, "உக்காருங்க சாமி" என்றார். மலையாளிக் கவுண்டர் அவர். மலையாளி என்றதும் கேரள தேசத்தவரென்று எண்ணிவிடக் கூடாது. சேர்வராயன், கொல்லி, பச்சை முதலிய மலைகளை ஆண்டு வாழும் பழங்குடி மக்களுக்கு அது பெயர். பேசுவது தமிழ், பூர்விகம் காஞ்சீபுரம் என்று சொல்லிக்கொள்வார்கள்.

காஞ்சீபுரத்துக்காரர்கள் மலைக்கு வந்ததெப்படி என்று கேட்டால் பல கதைகள் உண்டு. அவற்றில் ஒன்று வேட்டையில்தான் ஆரம்பமாகிறது. அண்ணன் தம்பிகள் மூவர் நாய்களைக் கூட்டிக்கொண்டு வேட்டைக்குப் புறப்பட்டார்கள். நாய்கள் மலைமேல் ஓடின; இவர்களும் பின்னால் ஓடினார்கள். நாள்கள் கழிந்தன. ஊர் திரும்பிய சமயம், புருஷர்கள் இறந்துபோனார்களென்று நினைத்து மனைவிமார் விதவைக் கோலம் பூண்டுவிட்டிருந்தார்கள். பிறகு அந்த வீட்டில் என்ன இருக்கிறது? மூவரும் மலைக்கே திரும்பி, வேறு பெண்களை மணந்துகொண்டார்கள். மூத்தவன் சேர்வராயனிலும் மற்ற இருவர் கொல்லி மலை, பச்சை மலைகளிலும் குடியேறினார்களாம். சரித்திரக்காரர்கள் இதை ஒப்புக்கொள்வார்களோ மாட்டார்களோ, நமக்குக் கவலையில்லை. ஒரு ஜன சமூகம் தான் பிறந்த கதையைச் சொல்லும்போது ராஜாவையும் யுத்தத்தையும் வைக்காமல் மூன்று நாய்களை வைத்துச் சொல்கிறதே, அதுதான் நம் மனத்தைக் கவர்ந்தது.

இதில் இன்னொரு பொருத்தமும் இருக்கிறது. காஞ்சி வரதராஜப் பெருமாள் மாட்டுப் பொங்கலன்று பழைய சீவரத்துக்குப் பாரிவேட்டைக்கு எழுந்தருளுகிறார். திருமலையில் சங்கராந்திக்கு மறுநாள் மலையப்ப சுவாமிக்கும் அந்த உற்சவம் நடைபெறுகிறது. அறுவடை முடிந்த கையோடு வேட்டைக்குப் போவது தெய்வத்துக்கும் மனிதனுக்கும் பொதுவான வழக்கமாய் இருந்திருக்கிறது போலும்.

பெரியவரிடம், "உங்கள் காலத்தில் மான் வேட்டை உண்டா?" என்று கேட்டோம்.

"எங்க காலம் ஏதுங்க? எங்கப்பன் காலத்தோட சரி. நான் பொடியனா இருந்தப்போ காடு கலைக்கப் போயிருக்கேன். தகரத்தைத் தட்டுறது என் வேலை."

அப்புறம் அவர் விஸ்தாரமாகச் சொல்ல ஆரம்பித்தார். பொங்கல் முடிந்தவுடன் ஊர் ஆண்கள் அனைவரும் விடியற்காலையில் கூடுவார்களாம். சிறுவர்களும் நாய்களும் ஒரு பக்கமாய்க் காட்டைக் கலைத்துக்கொண்டு வர, மறுபக்கத்தில், மான் தாண்டக்கூடிய தடத்தில், வலைக்காரர்களும் நாட்டுத் துப்பாக்கிக்காரர் ஒன்றிரண்டு பேரும் மூச்சுக் காட்டாமல் உட்கார்ந்திருப்பார்கள். கடமான் கிடைத்தால் பெரிய அதிர்ஷ்டம். கேளையாடோ காட்டுப் பன்றியோ கிடைத்தால் போதும். அநேக நாள் ஒன்றும் கிடைக்காது. "அன்னிக்கு வீட்டுக்குத் திரும்புறதுதாங்க பெரிய வேலை. பொம்பளைங்க கேலி பண்ணுவாங்க" என்று சொல்லி, இல்லாத பற்களைக் காட்டிச் சிரித்தார்.

வேட்டை கதையைவிட, அது முடிந்த பிறகு நடந்ததைத்தான் அவர் ரசித்துச் சொன்னார். அடிபட்ட மிருகத்தை மூங்கிலில் கட்டித் தூக்கிக்கொண்டு ஊர்ப் பொது இடத்துக்கு வருவார்களாம். தேக்கிலையையும் வாழையிலையையும் வரிசையாகப் பரப்பிக் கூறு போடுவார்கள். அடித்தவனுக்குக் கூடுதலாக ஒரு துண்டு. தடம் பிடித்த நாயின் சொந்தக்காரனுக்கு அரைக் கூறு; அதில் நாய்க்கும் உண்டு. மற்றபடி வீட்டுக்கு ஒன்றாகச் சமமாய் விழும். வேட்டைக்கு வர முடியாமல் ஜுரத்தில் படுத்திருந்தவன் வீட்டுக்கும், ஆண் துணையற்ற கிழவி வீட்டுக்கும் கூறு தவறாது. எல்லாவற்றிலும் நமக்கு வியப்பளித்தது ஒரு சட்டம். கத்தி பிடித்துக் கூறு போடுகிறவன், எல்லாரும் எடுத்துக்கொண்ட பின்பு, மிஞ்சிய கூறைத்தான் எடுக்க வேண்டும்! "அப்பத்தானே கை நேரா விழும்?" என்று விளக்கினார் பெரியவர். பாகப் பிரிவினை வழக்குகளைத் தலைமுறை தலைமுறையாக ஹைகோர்ட்டில் நடத்தும் நம் சமவெளிக் குடும்பங்களை நினைத்துக்கொண்டு நாம் பேசாதிருந்தோம்.

இந்தப் பங்கீடு தமிழகத்துக்குப் புதிதன்று. இதே மலைத் தொடருக்குத் தெற்கே கொல்லி மலையை ஆண்ட வல்வில் ஓரியைப் பற்றிப் புறநானூற்றின் 152-ஆம் பாட்டில் வன்பரணர் சொல்லுகிறார். ஒரே அம்பு யானையைச் சாய்த்து, புலி, மான், பன்றி ஆகியவற்றை ஊடுருவி, புற்றிலிருந்த உடும்பில் போய்த் தைக்கிறது. அம்பின் கணக்கை நேயர்கள் இஷ்டப்படி நம்பலாம். அதற்கு அப்புறம் நடப்பதுதான் முக்கியம். தன்னை இன்னாரென்று சொல்லிக்கொள்ளாத அந்த வேட்டுவன், வழிப்போக்கர்களான பாணர் கூட்டத்துக்கு மான் கறியைச் சமைத்துக் கொடுத்து, பொன்னையும் மணியையும் அந்தக் காட்டிலேயே அளித்து அனுப்புகிறான். கோவூர்கிழாரின் 33-ஆம் பாட்டிலோ மான் தசையைக் கூடையில் கொண்டுவரும் வேட்டுவனுக்கு உழவர் வீட்டுப் பெண்கள் வெண்ணெல்லை முகந்து தருகிறார்கள். வேட்டை என்பது ஒருவன் வயிற்றோடு முடிகிற காரியமாக அக்காலத்திலும் இருக்கவில்லை.

அப்படியிருந்த வேட்டை பெரியவரின் தகப்பனார் காலத்தோடு நின்றுபோனதற்குக் காரணம், மலையில் மான் குறைந்தது மட்டுமா? 1820-களில் சேலம் கலெக்டராயிருந்த காக்பர்ன் துரை ஏற்காட்டுக்குக் காப்பிச் செடியைக் கொண்டுவந்தார். காப்பி தழைத்தது, காடு சுருங்கியது. 1878-ஆம் வருஷத்து ஆயுதச் சட்டம் இந்தியன் லைசென்ஸ் இல்லாமல் துப்பாக்கி வைத்திருக்கக் கூடாதென்றது. ஐரோப்பியருக்கு அதிலிருந்து விலக்களித்தது. 1882-இல் சென்னை வனச் சட்டம் வந்தது. நேற்று வரை பாட்டன் காடாக இருந்தது இன்று ரிசர்வ் காடாயிற்று. அதில் வலையுடன் நுழைந்த மலைவாசி திருடன். அதே காட்டில் அனுமதிச் சீட்டும் ரைபிளும் கொண்டு நுழைந்த துரை 'ஸ்போர்ட்ஸ்மன்'! வேட்டையின் வெற்றியைப் பகிர்ந்துகொள்ளும் முறையும் அங்கே வேறு. தலையைப் பதப்படுத்திப் பங்களாச் சுவரில் மாட்டுவது, விருந்தினருக்கு அதன் கொம்பு எத்தனை அங்குலமென்று சொல்வது, இதுவே பங்கீடு. பெரியவர் ஊரில் கொம்பு எவர் வீட்டுக்குப் போயிற்று என்று நாம் கேட்டோம். அவருக்கு ஞாபகமில்லை.

சுயராஜ்யம் வந்த பின்பும் விஷயம் எளிதாகவில்லை. இந்தியாவின் காட்டு மிருகங்கள் அழிந்துகொண்டு போவதைக் கண்டு 1972-இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இயற்றப்பட்டது. அதில் மிச்சமிருந்த வேட்டை லைசென்ஸுகளையும் 1991-ஆம் வருஷத்துத் திருத்தம் எடுத்துவிட்டது. பழங்குடியினருக்கு வன உரிமைகளைத் திருப்பித் தந்த 2006-ஆம் வருஷத்துச் சட்டம்கூட, பரம்பரையாக அனுபவித்துவந்த மற்ற உரிமைகளை அங்கீகரித்துவிட்டு, வேட்டையாடும் உரிமை மட்டும் இல்லையென்று ஸ்பஷ்டமாகச் சொல்லுகிறது. மலையின் கீழே வாழப்பாடிப் பக்கத்துக் கிராமங்களில் காணும் பொங்கலன்று வங்கா நரியை வலை வைத்துப் பிடித்து, மாலை போட்டு, கோயிலுக்குக் கொண்டுபோய், பிறகு காட்டில் விட்டுவிடுவார்கள். நரி முகத்தில் விழித்தால் மழை பெய்யும், விளைச்சல் பெருகும் என்பது நம்பிக்கை. கொல்லாவிட்டாலும் பிடிப்பது குற்றமென்று அதற்கும் வன இலாகா அபராதம் விதித்திருக்கிறது.

அமெரிக்காவில் நிலைமை நேர் எதிர். அங்கே இலையுதிர் காலத்தில் மான் வேட்டைப் பருவம் என்று சர்க்காரே நாள் குறிக்கிறது. தகப்பனும் பிள்ளையும் லைசென்ஸ் வாங்கிக்கொண்டு போகிறார்கள். கிடைத்த மாமிசத்தை உறவினருக்கும் சிநேகிதருக்கும் அனுப்புகிறார்கள். பசித்தவர்களுக்கு மான் இறைச்சியைத் தானமாகச் சேகரிக்கும் ஏற்பாடுகளும் பல மாகாணங்களில் உண்டு. துப்பாக்கி, தோட்டா ஆகியவற்றின்மேல் விதிக்கும் வரி 1937-ஆம் வருஷத்துச் சட்டப்படி வனவிலங்குப் பாதுகாப்புக்கே செல்லுகிறது. இருபதாம் நூற்றாண்டின் ஆரம்பத்தில் சில லட்சமாகக் குன்றியிருந்த வெண்வால் மான் பிற்பாடு கோடிக்கணக்கில் பெருகியதால் அவர்களுக்கு அது சாத்தியமாயிற்று. நம் சேர்வராயனில் அப்படியா? கண்ட கண்ட இடத்திலெல்லாம் வேலியும் விடுதியும். பாக்ஸைட் வெட்டிய பள்ளங்கள் வேறு. காட்டெருமைகள் காப்பித் தோட்டத்துக்குள்ளேயே வந்து நிற்கின்றன. தோட்ட வேலைக்குப் போகும் பெண்கள் அவற்றுக்கு அஞ்சி வழிமாறிப் போகிறார்கள். இந்த நிலையில் வேட்டையைத் திறந்துவிட வேண்டுமென்று நாம் வாதாட வரவில்லை. எஞ்சியிருக்கும் கேளையாடு எஞ்சியே இருக்கட்டும். ஆனால் காட்டைக் காலி செய்தவர்கள் ஒரு கூட்டம், அதற்காகக் கையைக் கட்டிக்கொண்டவர்கள் வேறொரு கூட்டம் என்பதையாவது நாம் ஒப்புக்கொள்ள வேண்டாமா? பெரியவர் இதைப்பற்றி ஒரு வார்த்தைகூடக் குறை சொல்லவில்லை. நாமே தூண்டித் தூண்டிக் கேட்டதற்கு, "மானும் பாவந்தானுங்களே" என்றார். அதன்பின், சற்று நேரம் கழித்து, "நாங்களும் இருந்தோம், மானும் இருந்துச்சு" என்றார்.

இப்படிப் பேசிக்கொண்டிருந்தபோதே வெளியில் சத்தம் கேட்டது. ஊரார் வீட்டுக்கு இவ்வளவென்று பணம் போட்டு ஓர் ஆட்டுக் கிடாய் வாங்கியிருந்தார்களாம். பொங்கலுக்கு அடுத்த நாள் இப்போது அதுதான் வேட்டை. மைதானத்தில் இலைகள் வரிசையாய்ப் பரப்பியிருந்தன. இருபத்தைந்து வயதுப் பிள்ளை ஒருவன், சேலத்தில் காலேஜில் படித்தவனாம், கத்தியைப் பிடித்திருந்தான். துண்டுகளை ஓர் இலையிலிருந்து எடுத்து மற்றோர் இலையில் வைப்பதும், சற்று எட்ட நின்று பார்ப்பதும், மறுபடி மாற்றுவதுமாய் இருந்தான். பெண்கள் பாத்திரத்துடன் சுற்றி நின்று, "அந்தக் கூறுல எலும்புதாண்டா!" என்று அவனை மிரட்டிக்கொண்டிருந்தார்கள். பெரியவர் திண்ணையிலிருந்தபடியே விரலை நீட்டி இலைகளை எண்ணினார். எண்ணி முடித்ததும், "ஒண்ணு கொறையுதேடா! வந்தவங்களுக்குக் கூறு எங்கே?" என்று சத்தம் போட்டார்.

அத்தையம்மாள் பதறிப்போய், "ஐயோ, வேண்டாம் தாத்தா! நாங்கள் அதெல்லாம் தொடுகிறதில்லை" என்று கையை அசைத்தார். பெரியவர் ஒரு நிமிஷம் யோசித்தார். ஊருக்குள் வந்தவர்களைக் கூறு இல்லாமல் அனுப்பும் உத்தேசம் அவருக்கு இல்லை என்பது முகத்தில் தெரிந்தது. உள்ளே போய் ஒரு முறம் நிறையக் கமலா ஆரஞ்சுப் பழங்களைக் கொண்டுவந்தார். அவற்றைத் திண்ணையில் கொட்டி, நம் குழந்தைகள் உள்பட எத்தனை பேர் என்று விசாரித்து, ஆறு கூறாகப் பிரித்தார். இரண்டு பழம் மிஞ்சியது. அதில் ஒன்று வண்டிக்கு அடியில் படுத்திருந்த டிரைவருக்கு. மற்றொன்றை அவர் எடுத்துக்கொண்டார்.

நாம் விடைபெற்றுக்கொண்டு புறப்படும்போது காலேஜ் பிள்ளை இன்னும் மைதானத்தில் நின்றுகொண்டிருந்தான். இலைகளெல்லாம் எடுக்கப்பட்டுவிட்டன, ஒன்றுதான் பாக்கி. அதில் பெரும்பாலும் எலும்பாகவே இருந்தது.