நீரிழிவும் தொலை மருத்துவமும்

நோயற்ற வாழ்வே குறைவற்ற செல்வம் என்பர் நம் முன்னோர். அச்செல்வத்தை ஓசையின்றிக் களவாடும் நோய் நீரிழிவு. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நடந்து 2023ஆம் ஆண்டு வெளியான ஆய்வு, நம் நாட்டில் 10 கோடிக்கும் மேற்பட்டோர் இந்நோயுடன் வாழ்வதாகக் கணக்கிட்டது. பெரியவர் நூறு பேரில் கிராமங்களில் ஏறத்தாழ 9 பேருக்கும், நகரங்களில் 16 பேருக்கும் இந்நோய் உண்டு. சர்க்கரை பணக்காரர் நோய் என்பது பழங்கதை. இன்று அது குடிசைப் பகுதிகளிலும் குடியேறிவிட்டது.

நகரில்தான் மருத்துவமனைகள் நிறைந்துள்ளனவே, பின் என்ன குறை என்று கேட்கலாம். சென்னையின் நடுவிலிருந்து கண்ணகி நகர், பெரும்பாக்கம் போன்ற புறநகர்க் குடியிருப்புகளுக்குப் பெயர்க்கப்பட்ட குடும்பங்களை எண்ணிப் பாருங்கள். நகருக்குள் இருக்கும் பெரிய மருத்துவமனைக்குச் சென்றுவரப் பேருந்துப் பயணம், சீட்டுக்கு ஒரு வரிசை, இரத்தப் பரிசோதனைக்கு ஒரு வரிசை, மாத்திரைக்கு ஒரு வரிசை எனப் பகல் கழிந்துவிடும். சித்தாள் வேலை பார்க்கும் தாய்க்கு அது ஒருநாள் கூலி இழப்பு. வலி ஒன்றும் இல்லையே என்று அவர் மாத்திரையை நிறுத்திவிடுகிறார். நோயோ நிற்பதில்லை, கண்ணையும் சிறுநீரகத்தையும் கால் நரம்பையும் மெல்ல அரிக்கிறது.

இவ்விடைவெளியைக் குறைக்க வந்ததே தொலை மருத்துவம். தொலைபேசி, காணொளி, எழுத்துச் செய்தி ஆகியவற்றின் வாயிலாக மருத்துவர் ஆலோசனை கூறுவதற்கான நெறிமுறைகளை நடுவண் அரசு 2020 மார்ச்சு 25ஆம் நாள் வெளியிட்டது. இ-சஞ்சீவனி என்னும் அரசுத் திட்டத்தில், அருகிலுள்ள நலவாழ்வு மையத்தில் நோயாளி அமர்ந்திருக்க, தொலைவிலுள்ள மருத்துவர் திரையில் தோன்றிப் பேசுகிறார்.

நீரிழிவுக்கு இம்முறை பொருந்துவது ஏன்? இந்நோயின் போக்கைப் பெரும்பாலும் எண்களே காட்டுகின்றன. வெறும் வயிற்றில் 126 மில்லிகிராமும் அதற்கு மேலும் இருந்தால் நீரிழிவு எனக் கொள்வர். எச்பிஏ1சி என்னும் சோதனை மூன்று மாதச் சராசரியைக் காட்டும். இவ்வெண்களைக் கேட்டே மருத்துவர் மருந்தின் அளவைக் கூட்டவோ குறைக்கவோ இயலும்.

ஆயினும் இதற்கும் எல்லை உண்டு. உணர்விழந்த பாதத்தைத் திரை தொட்டுப் பார்க்காது. ஆறாத புண், மங்கும் பார்வை, மயக்கம் ஆகியவற்றுக்கு நேரில் செல்வதே முறை. மேலும், பல வீடுகளில் இருப்பது ஒரே கைப்பேசி. அதுவும் காலையில் மகனோடு வேலைக்குப் போய்விடும்.

நோயாளி, மருத்துவர், மருந்து, உடனிருந்து பேணுபவர் என மருத்துவத்திற்கு நான்கு கூறுகளை வகுத்தார் வள்ளுவர். தொலை மருத்துவம் இரண்டாமவரை அருகே கொணர்கிறது. நான்காமவர் இன்றேல் அதுவும் பயன்படாது. 2021 ஆகஸ்டு 5ஆம் நாள் தமிழகத்தில் தொடங்கப்பட்ட மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், வீடுதேடிச் சென்று சர்க்கரை அளவு பார்த்து மாத்திரை வழங்கும் மகளிர் அந்த நான்காமவரே.

மாணவ நண்பர்களே! நம் தெருவிலும் அத்தகையோர் தேவை. எழுதப் படிக்கத் தெரியாத ஒரு பாட்டியின் சர்க்கரை அளவை நோட்டில் குறித்துவைத்து, மருத்துவர் அழைக்கும் நேரத்தில் நம் கைப்பேசியை அவர் கையில் கொடுப்போம். நாம் கற்ற கல்விக்கு அதனினும் நற்பயன் வேறு யாது?