கார்ட்டுக்குள் ஒரு பேய்

கார்ட்டுக்குள் பேய் உலாவுகிறது என்றால் சிரிப்பீர்கள். சிரியுங்கள். ஆனால் ஆன்லைன் கடையில் வேண்டாமென்று நீக்கிய பொருள், கொஞ்ச நேரம் கழித்து ஒன்றுமே நடக்காத மாதிரி மறுபடி கார்ட்டில் வந்து உட்காரும் கூத்து நிஜமாகவே நடந்திருக்கிறது. அதைவிட வேடிக்கை, அந்தப் பேயை உள்ளே விட்டவர்களே ஒப்புக்கொண்டு எழுதியும் வைத்திருக்கிறார்கள். அமேசான் பொறியாளர்கள் 2007-ல் வெளியிட்ட ‘டைனமோ’ ஆய்வுக் கட்டுரையில் சங்கதி அப்பட்டமாக இருக்கிறது: கார்ட்டில் போட்டது ஒருநாளும் தொலையாது, ஆனால் எடுத்துவிட்டது சில நேரம் திரும்பி வரும். அதைப் படித்ததிலிருந்து எனக்குக் கார்ட் பைத்தியம். வாருங்கள், பின்வாசல் வழியாக உள்ளே போவோம். செருப்பைக் கழற்ற வேண்டாம், தரை முழுக்க ஒயர்.

முதலில் நம் வீட்டு ரகசியத்தை உடைத்துவிடுகிறேன். கார்ட்டைப் பகிர்வதற்கென்று கம்பெனிக்காரர்கள் தனி வசதி கொண்டுவருவதற்கு வெகுகாலம் முன்பே நம் வீடுகள் அதற்கு வழி கண்டுபிடித்துவிட்டன. ஒரே கணக்கு, ஒரே பாஸ்வேர்டு, வீடு முழுக்க! அப்பாவின் ஷேவிங் பிளேடு, அம்மாவின் இட்லித் தட்டு, தம்பியின் இயர்போன், “உனக்குப் போடும்போது எனக்கும் ஒண்ணு போட்டுடும்மா” என்று மாடி வீட்டு மாமி சொன்ன நைட்டி, எல்லாம் ஒரே கார்ட்டில். ஓடிபி மட்டும் அப்பாவின் போனுக்கு வரும். அந்த நேரம் பார்த்து அவர் குளிக்கப் போயிருப்பார். “ஏங்க, நம்பர் வந்துச்சா?” என்று குளியலறைக் கதவு தட்டப்படும். பாவம், அடுத்து எதைப் பரிந்துரைப்பது என்று தெரியாமல் கடையே விழிக்கும். முழங்கால் வலித் தைலம் வாங்குகிற அதே ஆள் ஸ்பைடர்மேன் பையும் வாங்குகிறாரே!

ஒரு கார்ட்டில் ஒருவர் மட்டும் கைவைத்தால் எந்தத் தொல்லையும் இல்லை. இரண்டாவது கை நுழைகிற நொடியில்தான் திரைக்குப் பின்னால் ஆட்டம் ஆரம்பிக்கிறது.

தொடக்கத்தில் இரண்டாவது கை நுழையவே வழியில்லை. இணையத்துக்குப் பிறவியிலேயே ஞாபகசக்தி கிடையாது. ஒரு பக்கத்தைக் கேட்டீர்கள், சர்வர் கொடுத்தது, அத்தோடு உங்களை மறந்தது. அடுத்த பக்கம் கேட்கும்போது நீங்கள் யாரோ. இப்படியொரு கடையில் எப்படிச் சாமான் சேர்ப்பது? 1994-ல் நெட்ஸ்கேப் நிறுவனத்தில் இருந்த லூ மான்டுல்லியின் மேசைக்கு இந்தத் தலைவலி வந்து சேர்ந்தது. எம்சிஐ என்ற தொலைபேசி நிறுவனத்துக்காக ஓர் ஆன்லைன் கடை தயாராகிக்கொண்டிருந்தது. பாதியில் நிற்கும் வியாபாரத்தையெல்லாம் தன் சர்வரில் சுமக்க எம்சிஐக்கு இஷ்டமில்லை. அப்படியானால் வாடிக்கையாளரின் கணினியிலேயே ஒரு துண்டுக் குறிப்பை வைத்துவிடுவோம், மறுபடி வரும்போது அதைக் காட்டட்டும் என்று மான்டுல்லி முடிவுகட்டினார். அதுதான் குக்கி. எந்தத் தளத்துக்குப் போனாலும் “குக்கிகளை ஏற்கிறீர்களா” என்று உயிரை வாங்குகிறார்களே, அதே குக்கி! விளம்பரக்காரர்கள் நம்மைத் தெருத்தெருவாகத் துரத்துவதெல்லாம் பின்னால் வந்த வினை. அது தேவைப்பட்டது ஒரு கார்ட்டுக்காக.

ஆனால் துண்டுக் குறிப்பு உங்கள் கணினியில் கிடந்தால் உங்கள் அக்காவின் கணினிக்கு எப்படித் தெரியும்? பகிர வேண்டுமென்றால் கார்ட் கடையின் சர்வருக்குக் குடிபெயர வேண்டும். பெயர்ந்தது. அடுத்த தலைவலி அங்கே காத்திருந்தது. சர்வர் என்றால் ஒருநாள் படுக்கும். படுத்தால் கார்ட் திறக்காது. கார்ட் திறக்காவிட்டால் கல்லாவும் திறக்காது.

ஆகவே ஒரே கார்ட்டுக்குப் பல பிரதிகள். அந்தக் கட்டுரை விவரிக்கும் டைனமோ என்ற சேமிப்பு அமைப்பில் வழக்கமாக மூன்று. மூன்றில் இரண்டு இயந்திரங்கள் “எழுதிக்கொண்டேன்” என்று தலையாட்டினால் போதும், நீங்கள் அழுத்திய பட்டனின் வேலை முடிந்தது. இடையில் ஓர் இயந்திரம் படுத்துவிட்டால், வரிசையில் அடுத்திருக்கும் இயந்திரம் அதன் பங்கை வாங்கி வைத்துக்கொள்ளும், இன்னாருடையது என்ற குறிப்போடு. படுத்தது எழுந்ததும் பத்திரமாகக் கொடுத்துவிடும். பூட்டிய வீட்டுக்கு வந்த பார்சலை எதிர் வீட்டில் கொடுத்துவிட்டுப் போவார்களே, அச்சு அசல் அதேதான்! சூறாவளி வந்து தகவல் மையமே நாசமானாலும் வாடிக்கையாளர் கார்ட்டில் பொருள் போட முடிய வேண்டும் என்று அந்தக் கட்டுரை அடம் பிடிக்கிறது. ஊரே பறக்கும்போது யாரப்பா தலையணை உறை வாங்குவார் என்று கேட்காதீர்கள். சூறாவளி அவர்கள் ஊரில், வாங்குபவர் வேறு ஊரில். கட்டுரையை எழுதிய ஒன்பது பேரில் சுவாமிநாதன் சிவசுப்பிரமணியன் என்றொரு பெயரைப் பார்த்ததும் நான் ஒரு சின்ன விசில் அடித்ததையும் இங்கே பதிவுசெய்கிறேன்.

இப்போது பேய் வரும் நேரம். பிரதிகளுக்கு நடுவே தொடர்பு அறுந்த ஒரு கணம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அம்மா போனில் மிக்ஸி ஜாரை நீக்குகிறார். அந்தச் செய்தி ஒரு பிரதிக்குப் போய்ச் சேர்கிறது. அதே நேரம், அதே கணக்கில், அக்கா லேப்டாப்பில் துண்டு சேர்க்கிறார். அது இன்னொரு பிரதிக்குப் போகிறது. அங்கே ஜார் இன்னும் அசையாமல் இருக்கிறது. தொடர்பு திரும்புகிறது. ஒரே குடும்பத்துக்கு இரண்டு கார்ட், இரண்டும் “நான்தான் அசல்” என்கின்றன! வங்கிக் கணக்கென்றால் ஒன்றை நிறுத்திவைத்து விசாரித்திருப்பார்கள். கார்ட் மென்பொருளுக்கு அந்தப் பொறுமை ஏது? இரண்டையும் சேர்த்துவிட்டது. துண்டும் இருக்கிறது, ஜாரும் இருக்கிறது. அம்மா நீக்கியது? போயே போச்சு.

இதில் ஒளிந்திருக்கும் வியாபாரப் புத்தியை நான் ரசிக்கிறேன். வாடிக்கையாளர் போட்டதைத் தொலைத்தால் விற்பனை போகும். நீக்கியது திரும்பி வந்தால் அவர் முகத்தைச் சுளித்துக்கொண்டு இன்னொரு தரம் நீக்குவார், அவ்வளவுதான். எந்தத் தப்பு மலிவு என்று கணக்குப் போட்டு, மலிவான தப்பைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். போடுவதற்கு எப்போதும் கதவு திறந்திருக்கும், எடுப்பதற்குத்தான் பாடு. கார்ட்டைப் பகிரும் எந்த மென்பொருளையும் பிரித்துப் பாருங்கள், சிக்கல் முழுக்க இந்த எடுக்கும் இடத்தில்தான் முடிச்சிட்டுக் கிடக்கும்.

பேய் எத்தனை முறை வந்தது? அதையும் அளந்திருக்கிறார்கள். 24 மணிநேரம் கார்ட் சேவையைக் கவனித்ததில் 99.94 சதவீதக் கோரிக்கைகளுக்கு ஒரே ஒரு கார்ட்தான் கண்ணில் பட்டது. இரண்டு கார்ட் தென்பட்டது 0.00057 சதவீதம். நான்கு முகம் காட்டிய பிரம்மதேவன் கார்ட்டும் உண்டு, 0.00009 சதவீதம். ஒரே கார்ட்டில் ஒரே நேரத்தில் இத்தனை பேர் மோதியது எப்படி? மாமியார் மருமகள் என்றுதான் நானும் நினைத்தேன். இல்லையாம்! பெரும்பாலும் தானாக ஓடும் ரோபோ நிரல்கள். மனிதர்கள் மோதியது அபூர்வம் என்கிறது கட்டுரை.

கார்ட்டை விட்டுப் பட்டியலுக்கு வாருங்கள், இங்கே கூத்து இன்னும் அதிகம். மளிகை லிஸ்டைக் குடும்பத்தோடு பகிரும் செயலிகளில் ஒவ்வொரு போனும் ஒரு பிரதி. பிரதிகள் கண்ணுக்குத் தெரியாத தகவல் மையத்தில் இல்லை, ஒன்று லிஃப்டில், ஒன்று பஸ்ஸில், ஒன்று சிக்னல் எட்டாத சூப்பர் மார்க்கெட் அடித்தளத்தில். அதற்காக லிஸ்ட் நின்றுவிடக் கூடாது, தொட்டால் டிக் விழ வேண்டும், மற்றதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

அந்தப் ‘பிறகு’ என்ன ஆகும்? 2011-ல் மார்க் ஷப்பீரோவும் அவருடன் மூன்று ஆய்வாளர்களும் இதற்கு அழகான விடை சொன்னார்கள். செய்திகள் எந்த வரிசையில் வந்து சேர்ந்தாலும் கடைசியில் எல்லாப் பிரதிகளும் ஒரே முடிவுக்கு வரும்படி தரவை வடிவமைக்கும் வித்தை அது. தக்காளியை வைத்துச் சொல்கிறேன். காலையில் நீங்கள் சேர்த்த தக்காளிக்கு ஒரு ரகசிய எண் ஒட்டப்படும். கணவர் கடையில் சிக்னல் இல்லாமல் நின்றபடி அதை நீக்குகிறார். அதே நிமிடம் வீட்டில் அத்தை, “தக்காளி பத்தாதும்மா” என்று புதிதாக ஒருமுறை சேர்க்கிறார். அதற்கு வேறு எண். சிக்னல் வந்ததும் கணவரின் நீக்கம் அவர் கண்ணால் பார்த்த எண்ணை மட்டும்தான் அழிக்கும். அத்தையின் தக்காளி தப்பிவிடும். ஆக, அத்தை சொன்னதுதான் நடக்கும். இதை நிலைநாட்ட இத்தனை கணிதம் எதற்கு என்று நம் மருமகள்கள் கேட்கக்கூடும்.

இன்னொரு கொசுறு. பல அமைப்புகளில் நீக்கிய பொருள் முழுசாகப் போய்விடுவதில்லை, அது இருந்த இடத்தில் ஒரு கல்லறைக் கல் நடப்படுகிறது. தூங்கிக்கொண்டிருந்த பழைய போன் ஒன்று விழித்து “என்னிடம் ஜவ்வரிசி இருக்கிறதே” என்று கூவினால், கல்லைக் காட்டி அடக்கிவிடலாம். உங்கள் குட்டி மளிகை லிஸ்டுக்கு அடியில் எத்தனை வெல்லமும் வெந்தயமும் புதைந்திருக்கின்றனவோ!

‘கடைசியாக எழுதியவர் சொன்னதே சரி’ என்று சுலபமாக முடித்துவிடலாமே என்பீர்கள். கடைசி எது என்பதை யார் கடிகாரம் சொல்லும்? பையனின் போன் பத்து நிமிடம் முந்தி ஓடினால் வீட்டில் எப்போதும் அவன்தான் ‘கடைசி’. சுவர்க் கடிகாரத்தை நம்பாமல் எந்தச் செயல் எதற்கு முந்தியது என்று கண்டுபிடிக்க லெஸ்லி லாம்போர்ட் 1978-லேயே வழி எழுதிவிட்டார். டைனமோவின் பிரதிகளும் அந்த வம்சத்து உத்தியைத்தான் கையாண்டன.

எண்ணிக்கை விவகாரத்தைச் சொல்லாமல் போனால் எனக்குத் தூக்கம் வராது. லிஸ்டில் பால் 1. நீங்களும் அக்காவும் ஒரே நேரத்தில் பிளஸ் பட்டனைத் தொடுகிறீர்கள். போன் “பாலை 2 ஆக்கு” என்று சொல்லி அனுப்பினால் இருவர் சொன்னதும் 2. ஒரு பாக்கெட் காணாமல் போச்சு, மாலைக் காபிக்குச் சண்டை. சரி, “ஒன்று கூட்டு” என்று அனுப்பலாம், 3 வரும். ஆனால் சிக்னல் தள்ளாடி, போய்ச் சேர்ந்ததா என்று சந்தேகப்பட்டு உங்கள் போன் அதே செய்தியை மறுபடி அனுப்பினால்? 4! எனவே விரல் ஒவ்வொரு முறை தொடும்போதும் அந்தத் தொடுதலுக்குத் தனி அடையாள எண். அதே எண் திரும்பி வந்தால் “இதை முன்பே எண்ணியாகிவிட்டது, போ” என்று சர்வர் தள்ளிவிடும். அரை லிட்டர் பாலுக்குப் பின்னால் இத்தனை காவல்!

இதுவரை எல்லோருக்கும் ஒரே கார்ட்டைக் காட்டத்தான் போராடினார்கள். வேண்டுமென்றே ஆளுக்கொரு கதை சொல்லும் பட்டியலும் உண்டு, அதுதான் என் செல்லம். பிறந்தநாளுக்கு வேண்டியதை அமேசானில் ஆசைப் பட்டியலாகப் போட்டு உறவினருக்கு அனுப்பலாம். பார்க்க மட்டும் விடுவதா, திருத்தவும் விடுவதா என்பது உங்கள் தேர்வு. சித்தி ஒன்றை வாங்கிவிட்டால் மற்றவர்கள் அதையே வாங்காமலிருக்க அவர்களுக்குத் தெரிய வேண்டும். பட்டியலின் சொந்தக்காரருக்கு மட்டும் தெரியவே கூடாது! அந்த ஆச்சரியத்தைக் காப்பதற்கென்றே ஓர் அமைப்பு இருக்கிறது. அதை வைத்தால் உங்கள் சொந்தப் பட்டியலே உங்களிடம் கூசாமல் பொய் சொல்லும். மென்பொருள் சொல்லும் பொய்களில் எனக்குப் பிடித்தது இது ஒன்றுதான்.

பகிரும் இணைப்பைப் பற்றி ஒரே வார்த்தை: யாரும் ஊகிக்க முடியாத நீளமான எழுத்துக்கோவைதான் பெரும்பாலும் அதன் சாவி. பெரியப்பா அதை ‘நம்ம சொந்தங்கள்’ வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டால் பூட்டுத் தொழிற்சாலை முதலாளியாலும் காப்பாற்ற முடியாது.

கடைசியாக மதிய உணவு நேரம். 2024 ஆகஸ்டில் ஸொமேட்டோ குழு ஆர்டர் வசதியைக் கொண்டுவந்தது. இணைப்பை அனுப்பினால் அவரவர் போனிலிருந்து எல்லோரும் ஒரே கார்ட்டில் போடலாம். அலுவலகத்தில் ஒரே போன் கைமாறி, யாரோ திருப்பித் தரும்போது பிரியாணி இருந்த இடத்தில் தயிர்சாதம் முளைத்திருந்த காலம் போயிற்று. ஆனால் கவனியுங்கள், பணம் கட்டும் பட்டனை நெருங்க நெருங்க அந்தத் தாராள மனசு மாயமாகிவிடும். அதுவரை போட்டதையெல்லாம் ஏற்றுக்கொண்ட மென்பொருள் திடீரென்று கறார்க் கணக்குப்பிள்ளை ஆகிறது. கார்ட்டில் இருப்பதாலேயே பொருள் உங்களுடையதாகிவிடாது, பெரும்பாலான கடைகளில் யார் முதலில் காசு கட்டுகிறாரோ அவருக்குத்தான். இருப்பு இருக்கிறதா, விலை மாறிவிட்டதா, நீங்கள் பார்த்த கார்ட்டும் இப்போதிருக்கும் கார்ட்டும் ஒன்றுதானா என்று மறுபடி பார்க்க வேண்டும். கட்டணப் பட்டனை நடுங்கும் விரலால் இரண்டு முறை தொட்டாலும் ஒருமுறைதான் பணம் போக வேண்டும். பால் பாக்கெட்டுக்குச் சொன்னேனே, அதே அடையாள எண் வித்தை இங்கேயும் காவல் நிற்கிறது. அங்கே தவறினால் காபி போகும், இங்கே தவறினால் சம்பளம்.

ஆர்டர் போய்ச் சேர்ந்த மறுநொடி பின் வரிசையிலிருந்து ஒரு குரல் வரும்: “அண்ணா, எனக்கு ஒரு சிக்கன் 65 சேர்த்துக்கங்க.” அதற்கு வழியில்லை. போட்ட ஆர்டருக்குக் காசு வசூலிப்பது, அதாவது “நாளைக்கு ஜிபே பண்ணிடறேன்” என்ற செய்தி நாளைக்கு நிஜமாகவே பணமாக மாறுவது, அதற்கும் இதுவரை எந்தப் பொறியாளரும் கட்டுரை எழுதவில்லை.