பெட்ரோலைத் தாங்கும் ரப்பர்

வண்டி ஒரே உதையில் ஸ்டார்ட் ஆகிறது. நிறுத்தி வைத்தால் ஐட்லிங் சீராக இருக்கிறது. தெருவுக்குள் ஓட்டும்வரை குறையொன்றும் தெரிவதில்லை. புறவழிச் சாலைக்கு வந்து ஆக்சிலேட்டரை முழுக்கத் திருகும்போதுதான் இழுவை இல்லை என்பது புரிகிறது. பிளக்கை மாற்றிப் பார்க்கிறோம், ஏர் ஃபில்டரைத் தட்டிப் பார்க்கிறோம், ஜெட்டை ஊதிப் பார்க்கிறோம். கோளாறு போவதில்லை. கார்ப்பரேட்டரின் மேல்மூடிக்குள் இருக்கும் மெல்லிய ரப்பர் சவ்வில் ஓர் ஊசித்துளை விழுந்தாலே போதும், இந்த நிலை வந்துவிடும்.

அந்தச் சவ்வுக்குப் பெயர் டயாபிராம். பழைய வகைக் கார்ப்பரேட்டரில் ஆக்சிலேட்டர் கேபிள் நேராக ஸ்லைடைத் தூக்கும். பல்சர் 220, கிளாசிக் 350 போன்ற வண்டிகளில் வந்த ‘சி.வி.’ வகையில் அப்படி இல்லை. கேபிள் திருப்புவது காற்றுக்குழாயில் இருக்கும் ஒரு தகட்டை மட்டுமே. தகடு திறந்ததும் எஞ்சின் காற்றை வேகமாக இழுக்கும். வேகம் கூடிய இடத்தில் அழுத்தம் குறையும். ஸ்லைடின் அடியில் இருக்கும் சிறு துளை, அந்தக் குறைந்த அழுத்தத்தை டயாபிராமின் மேலறைக்குக் கொண்டுபோகிறது. கீழறையிலோ வெளிக்காற்றின் முழு அழுத்தம். இரண்டுக்குமான வேறுபாடு சவ்வை மேலே தள்ள, ஸ்லைடும் அதில் செருகியிருக்கும் ஊசியும் உயர்ந்து பெட்ரோலுக்கு வழிவிடுகின்றன. சவ்வு கிழிந்தால் இரண்டு அறைகளின் அழுத்தமும் சமமாகிவிடும். ஸ்லைடு பாதியிலேயே நின்றுவிடும், பிக்கப் போய்விடும்.

மூன்று இடங்கள், மூன்று அறிகுறிகள்

ரப்பர் கெடும் முதல் இடம், மேலே பார்த்த டயாபிராம். இரண்டாவது இடம், கார்ப்பரேட்டரையும் எஞ்சினையும் இணைக்கும் ரப்பர் மேனிஃபோல்டு. எஞ்சின் சூடு, அதிர்வு, காற்றிலுள்ள ஓசோன் மூன்றும் சேர்ந்து அதை இறுக வைத்து வெடிக்க வைக்கின்றன. ஒரு பங்கு பெட்ரோல் முழுமையாக எரிய, எடைக்கணக்கில் ஏறத்தாழ 14.7 பங்கு காற்று வேண்டும். வெடிப்பு வழியாகக் கணக்கில் வராத காற்று நுழைந்தால் கலவை நீர்த்துப்போகும். ‘காத்து வாங்குது’ என்று மெக்கானிக் சொல்வது இதைத்தான். ஆக்சிலேட்டரை விட்ட பிறகும் ரேஸ் இறங்கத் தாமதமாகும், சைலன்சரில் பட்பட்டென்று வெடிக்கும், பிளக் வெளுத்துப்போகும், எஞ்சின் அளவுக்கு மீறிச் சுடும். ஐட்லிங்கில் ஓடவிட்டு, மேனிஃபோல்டின்மேல் தண்ணீரை மெல்லத் தெளித்துப் பாருங்கள். சத்தம் மாறினால் அங்கே ஓட்டை இருக்கிறது. பெட்ரோலையோ கிளீனரையோ அடித்துச் சோதிக்க வேண்டாம். சூடான எஞ்சினில் தீப்பிடிக்கும்.

மூன்றாவது இடம் ஃப்ளோட் அறை. மிதவை உயர்ந்ததும் பெட்ரோலை அடைக்கும் சிறிய ஊசியின் முனையில், பல வண்டிகளில் ரப்பர்தான் இருக்கும். ஆண்டுக்கணக்கில் ஒரே இடத்தில் அழுந்தி அழுந்தி அதில் வளையமாக ஒரு தடம் விழுந்துவிடும். பிறகு அடைப்பு சரியாக உட்காராது. ஓவர்ஃப்ளோ குழாயில் பெட்ரோல் சொட்டும். சில வண்டிகளில் அது எஞ்சினுக்குள் இறங்கி ஆயிலையும் நீர்க்கச் செய்யும். ஆயில் குச்சியில் பெட்ரோல் வாசம் வந்தால், ஆயிலையும் மாற்றாமல் வண்டியை எடுக்கக் கூடாது.

பஞ்சர் சொல்யூஷன் ஏன் உதவாது?

கிழிந்த டயாபிராமைப் பஞ்சர் ஒட்டுவதுபோல ஒட்டிவிடலாமே என்று பலருக்கும் தோன்றும். ஒட்டு நிற்காது. இயற்கை ரப்பர் வெறும் கார்பன், ஹைட்ரஜன் சங்கிலி. பெட்ரோலும் அதே இனம். இனம் இனத்தோடு சேரும் என்பது வேதியியலுக்கும் பொருந்தும். பெட்ரோல் அந்தச் சங்கிலிகளுக்கிடையே புகுந்து ரப்பரை உப்ப வைத்து இளக்கிவிடும். பஞ்சர் சொல்யூஷனே பெட்ரோலைப் போன்ற கரைப்பானில் ரப்பரைக் கரைத்துச் செய்ததுதான்.

இதற்கு விடையாக 1930களில் ஜெர்மனியில் உருவானது நைட்ரைல் ரப்பர். அதன் சங்கிலியில் இடையிடையே மின்முனைவுள்ள நைட்ரைல் தொகுதிகள் இருப்பதால் பெட்ரோல் எளிதில் ஒட்டுவதில்லை. எத்தனாலோ தானே மின்முனைவு உள்ளது. அதனால் எத்தனால் கலந்த பெட்ரோலில் நைட்ரைலின் காப்பு ஓரளவு தளர்கிறது. ஃப்ளோரின் சேர்ந்த வைட்டான் வகை ரப்பர் இரண்டையும் தாங்கும். ஓ ரிங்கோ ஊசியோ வாங்கும்போது அளவை மட்டும் பார்க்காமல், எந்த ரப்பர் என்றும் கேட்டு வாங்குங்கள்.

மாற்றும்போது

எஞ்சின் ஆறியிருக்க வேண்டும், பெட்ரோல் டேப்பை மூட வேண்டும், அருகில் நெருப்பு கூடாது. கிளீனர் அடிப்பதற்கு முன் ரப்பர் உறுப்புகள் அனைத்தையும் கழற்றி எடுத்துவிடுங்கள். கிளீனர் பட்ட டயாபிராம் உப்பி, தன் பள்ளத்தில் உட்கார மறுக்கும். சில மணிநேரம் காற்றில் உலரவிட்டால் பெரும்பாலும் பழைய அளவுக்குத் திரும்பிவிடும். வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து லேசாக விரித்தால் ஊசித்துளைகூடத் தெரியும்.

பொருத்தும்போது சவ்வின் தடித்த விளிம்பு சுற்றிலும் பள்ளத்தில் இறங்க வேண்டும். ஓரத்தில் இருக்கும் காது அதற்கான இடத்தில் அமர வேண்டும். மூடி விளிம்பைக் கடித்துவிட்டால் புதுச் சவ்வும் அன்றே கிழியும்.

கடைசியாக ஒரு சோதனை. விரலால் ஸ்லைடை மேலே தூக்குங்கள். கீழறைக்குக் காற்று போகும் துளையை இன்னொரு விரலால் அடைத்துக்கொண்டு ஸ்லைடை விடுங்கள். சவ்வு நல்லதாக இருந்தால், அடைபட்ட காற்றின்மேல் தங்கித் தங்கி ஸ்லைடு மெல்ல இறங்கும். டக்கென்று விழுந்தால் எங்கோ கசிகிறது. ஜெட்டைத் தொடுவதற்கு முன்பே இதைச் செய்து பார்த்தால், தேவையில்லாத செலவும் அலைச்சலும் மிச்சம்.