மூளையில் 'பேட்டரி' ஆபரேஷன்: ஒட்டிக்கொண்ட கால் நடக்குமா?

மறைமலைநகர்,

எழுந்து நடந்தால் காலை தரையில் பசை போட்டு ஒட்டினது போல் நின்று விடுகிறது. வாசல்படியிலும் திரும்பும் இடத்திலும் அப்படியே சிலையாக நிற்கிறார். தடுமாறி விழுகிறார். பார்க்கின்சன் என்னும் நடுக்குவாதம் முற்றிய பலரின் நிலைமை இதுதான்.

நிலத்தை விற்றாவது 'மூளையில் பேட்டரி' ஆபரேஷன் செய்து விடலாமா என்று நினைக்கும் குடும்பத்தார், முதலில் ஒன்றை தெரிந்து கொள்வது நல்லது.

எப்படி செய்கிறார்கள்?

மூளையில் 'டோபமைன்' சுரக்கும் செல்கள் அழிவதால் இந்த நோய் வருகிறது. அதை ஈடுகட்ட லெவோடோபா மாத்திரை தருகிறார்கள். வருடம் போகப்போக மாத்திரை வேலை செய்யும் நேரம் குறைந்து விடும்.

பேட்டரி முறையை 1987-ல் பிரான்சின் கிரனோபிள் நகரில் டாக்டர் பெனாபிட் கொண்டு வந்தார். மண்டை ஓட்டில் துளை போட்டு மூளையின் ஆழத்தில் மெல்லிய கம்பியை வைப்பார்கள். நெஞ்சுத்தோலுக்கு அடியில் உள்ள பேட்டரி அதற்கு லேசான மின்சாரம் கொடுக்கும். திருவனந்தபுரம் ஸ்ரீசித்திரை திருநாள், பெங்களூர் நிம்ஹான்ஸ் ஆஸ்பத்திரிகளில் இது நடக்கிறது. செலவு பல லட்சம். நோயை இது குணமாக்காது, அடக்கி மட்டுமே வைக்கும்.

யாருக்கு பலன்?

மாத்திரை போட்டதும் நடை சீராகிறதா? அப்படியானால் ஆபரேஷனும் கை கொடுக்கும். மாத்திரை நன்றாக வேலை செய்யும் நேரத்திலும் கால் ஒட்டிக்குதுன்னா, பேட்டரி வைத்தாலும் பெரிய பலன் இருக்காது. தடுமாற்றமும் பேச்சுக் குழறலும் சிலருக்கு கூடிவிடுவதும் உண்டு. நடுக்கம் மட்டும் விதிவிலக்கு. மாத்திரைக்கு அடங்காத நடுக்கம்கூட இதில் அடங்கலாம்.

அதனால்தான் முதல்நாள் இரவே மாத்திரையை நிறுத்தி, காலையில் நடக்க விட்டு, பிறகு மாத்திரை கொடுத்து மறுபடி நடக்க விட்டு டாக்டர்கள் சோதிக்கிறார்கள். வீட்டில் நாமாக மாத்திரையை நிறுத்தவே கூடாது, ஆபத்து.

செலவில்லாத வழி

சமதரையில் கால் ஒட்டும் சிலர், ரெயில் நிலைய படிக்கட்டில் மளமளவென ஏறி விடுவார்கள். ஒவ்வொரு படியும் காலுக்கு ஒரு அடையாளம். அதேபோல் வீட்டில் வாசல்படி அருகே குறுக்கே கலர் டேப் ஒட்டலாம். "ஒண்ணு, ரெண்டு" என்று எண்ணிக்கொண்டே நடக்கலாம். கால் நின்று விட்டால் கையைப் பிடித்து இழுக்காதீர்கள், விழுந்து விடுவார்.

2021-ல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே வந்து பிசியோதெரபி தருகிறார்கள். அதையும் கேட்டுப் பாருங்கள்.

மாத்திரை போட்ட நேரம், கால் ஒட்டிய நேரம், விழுந்த நேரம் மூன்றையும் ஒரு வாரம் நோட்டில் எழுதி வையுங்கள். செங்கல்பட்டு அரசு ஆஸ்பத்திரியோ, வேறு எங்கேயோ, டாக்டரிடம் முதலில் அந்த நோட்டை காட்டுங்கள். நிலத்தை விற்பதா என்பதை அதற்கு அப்புறம் யோசிக்கலாம்.