மெருகு பூசாத மட்கலம்

மெருகுப் பூச்சோ வண்ணச் சித்திரமோ இல்லாத மட்கலங்களைப் பெருஞ்செல்வமாகப் போற்றும் நகரம் ஒன்று யப்பானில் உண்டு. ஒகயாமா மாகாணத்திலே, உள்நாட்டுக் கடலின் கரையில் அமைந்த பிசென் என்பதே அது. ஏறத்தாழ 30,000 மக்களே அங்கு வாழ்கின்றனர். ஆயினும், யப்பானின் தொன்மை வாய்ந்த ஆறு சூளைத் தலங்களுள் ஒன்றெனும் பெருமை அதற்குண்டு. அந்நகரின் இம்பே என்னும் பகுதியிலே, செங்கற் புகைபோக்கிகள் வீட்டுக் கூரைகளுக்கு மேலாக எழுந்து நிற்கக் காணலாம்.

இக்கலங்களுக்குரிய களிமண் நெல்வயல்களின் அடியிலிருந்து அகழப்படுகின்றது. இரும்புச்சத்து மிக்க அம்மண் திடீரென ஏறும் சூட்டைத் தாங்காது; மெருகுப் பூச்சும் அதில் நன்கு பற்றாது. ஆகவே, மண்ணின் இயல்புக்கு இசைந்தே தொழில் செய்யக் குயவர் கற்றனர். பைன் மர விறகிட்டு, பத்து நாட்களுக்கும் மேலாக இரவுபகல் கண்விழித்து, வெப்பத்தை மெல்ல மெல்ல 1,200 பாகை செல்சியசுக்கு மேல் உயர்த்துவர்.

அங்ஙனமாயின் அக்கலங்களுக்கு அழகு எங்கிருந்து வந்தது? சூளையிற் பறக்கும் விறகுச் சாம்பல் கலத்தின்மீது வீழ்ந்து உருகி, எள் தூவினாற்போன்ற புள்ளிகளாகின்றது. யப்பானியரும் அதனை 'எள்' என்றே வழங்குவர். கலங்கள் ஒன்றோடொன்று ஒட்டாதிருக்க வைக்கோல் சுற்றிச் சூளையிலிட்டனர். வைக்கோல் எரிந்தபின், அது தொட்ட இடமெல்லாம் செந்நிறக் கோடுகள் படிந்திருந்தன. ஒட்டாமைக்குச் செய்த உபாயமே ஓவியமாயிற்று!

பதினாறாம் நூற்றாண்டிலே, தேநீர்ச் சடங்கின் ஆசான்கள் இவ்வெளிமையை வியந்து போற்றினர். பின்னர், வெண்ணிறப் பீங்கான் நாடெங்கும் பரவவே, பிசென் கலங்கள் மதிப்பிழந்தன, தொழிலும் நலிந்தது. அதனை மீட்டவர் கனேசிகே தோயோ (1896–1967). சிற்றுருவங்கள் வனைவதிற் பெயர்பெற்றிருந்த அவர், அதனை விடுத்துப் பழங்கலங்களின் மண்ணையும் தீயையும் ஆராயத் தலைப்பட்டார். மறைந்துபோன முறைகளை மீண்டும் கண்டறிந்தார். 'வாழும் தேசியச் செல்வம்' எனப் பலரும் வழங்கும் உயர்மதிப்பை 1956இல் அரசு அவருக்கு அளித்தது.

மாணவர் அறியத்தக்க செய்தி ஒன்றும் இங்குண்டு. பொதுமக்களின் பிள்ளைகளும் கல்வி பெறவென 1670இல் இக்கேடா மிற்சுமாசா என்னும் சிற்றரசர் நிறுவிய சிசுத்தானிப் பாடசாலை இந்நகர எல்லையிலேயே உள்ளது. அதன் கூரையை மூடுவன பிசென் மண்ணாற் சுட்ட ஓடுகளே. 1701இல் எழுந்த அதன் விரிவுரை மண்டபம் இன்று தேசியச் செல்வமாகப் பேணப்படுகின்றது.

மெருகை ஏலாத மண்ணென்று அக்குயவர் அதனைத் தள்ளிவிடவில்லை; அதற்கேற்ற தீயையும் பொறுமையையும் தேடிக்கொண்டனர். வகுப்பறையில் நிற்கும் ஆசிரியரும், பிள்ளைகளை வளர்க்கும் பெற்றோரும் மனங்கொள்ளத்தக்கது இது.