பின்னால் வரும் வீடு

1954-ல் வந்த ‘தி லாங், லாங் டிரெய்லர்’ என்ற ஹாலிவுட் நகைச்சுவைப் படத்தில் லூசில் பாலும் டெஸி ஆர்னாஸும் புதுமணத் தம்பதி. நீளமான டிரெய்லர் வீடு ஒன்றைக் காருக்குப் பின்னால் பூட்டிக்கொண்டு ஊர் சுற்றக் கிளம்புகிறார்கள். போகிற இடங்களில் எல்லாம் மனைவி ஞாபகார்த்தமாகப் பாறாங்கற்களைப் பொறுக்கி உள்ளே போடுகிறார். மலைப்பாதை வருகிறது, கல்லையெல்லாம் தூக்கி எறி என்கிறார் கணவர். மனைவி எறியாமல் ஒளித்துவைக்கிறார். அப்புறம் நடப்பதைப் பார்த்துச் சிரிக்கலாம். கொஞ்சம் இயற்பியல் தெரிந்தவருக்குச் சிரிப்போடு வயிற்றையும் கலக்கும். அந்தக் கற்கள் எவ்வளவு கனம் என்பதோடு, டிரெய்லருக்குள் எந்த இடத்தில் கிடக்கின்றன என்பதும் உயிர் போகிற விஷயம்.

படுக்கை, அடுப்பு, ஃபிரிட்ஜ், கழிப்பறை என்று சகலமும் உள்ள இரண்டு மூன்று டன் வீட்டை இழுத்துக்கொண்டு விடுமுறைக்குப் போவது அமெரிக்காவில் சர்வசாதாரணம். முதல் பயணத்தில் திண்டாடுகிறவர்கள் ஓட்டத் தெரியாதவர்கள் அல்லர். வருடக்கணக்கில் கார் ஓட்டியவர்கள். அந்தப் பழக்கம்தான் அவர்களைக் கவிழ்க்கிறது. காரில் சரியாக இருந்த ஒவ்வொரு அனிச்சைச் செயலும் டிரெய்லர் பூட்டியதும் தப்பாகிவிடுகிறது.

முதலில் சுமைக் கணக்கு. டிரெய்லரின் முன்கொக்கி, இழுக்கும் வண்டியின் பின்னால் உள்ள இரும்புப் பந்தின் மேல் உட்காருகிறது. டிரெய்லரின் மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் அந்தப் பந்தை அழுத்த வேண்டும் என்பது அமெரிக்காவில் பின்பற்றப்படும் விதி. 3,000 கிலோ டிரெய்லர் 360 கிலோ அழுத்துகிறது என்று வையுங்கள், அதாவது 12 சதவீதம். சக்கர அச்சுக்கும் பந்துக்கும் இடையே 5 மீட்டர். அச்சுக்கு 3 மீட்டர் பின்னால் தண்ணீர்த் தொட்டி. கிளம்பும்போது அதில் 150 லிட்டர் நிரப்புகிறார்கள். பள்ளியில் படித்த நெம்புகோல் கணக்குதான்: 150-ஐ 3-ஆல் பெருக்கி 5-ஆல் வகுத்தால் 90. பந்தின் மேல் இருந்த அழுத்தத்தில் 90 கிலோ காணாமல் போயிற்று. இப்போது 3,150 கிலோவுக்கு வெறும் 270 கிலோ, அதாவது சுமார் 8.6 சதவீதம். வெளியே நின்று பார்த்தால் ஒரு வித்தியாசமும் தெரியாது.

நெடுஞ்சாலைக்குப் போனால் தெரியும். பெரிய லாரி ஒன்று வேகமாக முந்துகிறது. அதன் மூக்கு தள்ளும் காற்று டிரெய்லரின் வாலை முதலில் ஒரு பக்கம் தள்ளுகிறது. லாரி கடக்கக் கடக்க இழுக்கிறது. டிரெய்லர் இடமும் வலமுமாக ஆடத் தொடங்குகிறது. மெதுவான வேகத்தில், டயர்கள் சாலையைப் பக்கவாட்டில் பற்றும் விசை இந்த ஆட்டத்தை இரண்டு மூன்று அசைவில் அடக்கிவிடும். வேகம் கூடக் கூட அடக்கும் திறன் குறைகிறது. ஒரு குறிப்பிட்ட வேகத்தில் அது பூஜ்யம். அதையும் தாண்டினால் ஆட்டம் தானாகவே வளர்கிறது. வளரத் தேவையான ஆற்றலை வண்டி முன்னோக்கி ஓடும் ஓட்டத்திலிருந்தே எடுத்துக்கொள்கிறது. பின்பாரம் ஏறினால் அந்த எல்லை வேகம் கீழே இறங்கிவிடும் என்பதுதான் கொடுமை. காலையில் 100 கிலோமீட்டர் வேகத்தில் சாதுவாக வந்த டிரெய்லர், தொட்டி நிரம்பிய பிறகு அதே வேகத்தில் வாலாட்டலாம். டிரெய்லர் இழுக்கும் வண்டிகளுக்குக் கலிபோர்னியா வைத்திருக்கும் உச்சவரம்பு மணிக்கு 55 மைல், அதாவது சுமார் 88 கிலோமீட்டர். நெடுஞ்சாலையில் அதைக் கடைப்பிடிப்பவர்களுக்குப் பின்னால் வருகிறவர்கள் எரிச்சல்படுவார்கள். படட்டும்.

ஆடும்போது கால் என்ன செய்யும்? பிரேக்கை மிதிக்கும். முன்வண்டி வேகம் இழக்க, பின்னால் வரும் மூன்று டன் அதைக் கோணலாக முட்டித் தள்ளும். ஸ்டீயரிங்கை எதிர்த்திசையில் வெட்டித் திருப்பினாலோ ஆட்டத்துக்கு நாமே தாளம் போட்டதாகும். ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்து, ஸ்டீயரிங்கை நேராகப் பிடித்துக்கொண்டு, டிரெய்லரின் பிரேக்கை மட்டும் கையால் இயக்க வேண்டும். அதற்கென்றே டாஷ்போர்டின் கீழே ஒரு சின்ன நெம்பு இருக்கும். டிரெய்லர் பின்னுக்கு இழுபட, இரண்டும் ஒரே கோட்டுக்கு வந்துவிடும்.

ரிவர்ஸ் எடுப்பது தனிக் கூத்து. முன்னே போகும்போது வண்டிக்கும் டிரெய்லருக்கும் இடையிலான கோணம் தானாகச் சுருங்கும். பின்னே போகும்போது தானாக விரியும். உள்ளங்கையில் கோலை நிமிர்த்தி நிறுத்துவது போலத்தான். நொடிக்கு நொடி திருத்தவில்லை என்றால் சாய்ந்துவிடும். போதாக்குறைக்கு, ஸ்டீயரிங்கை இடப்பக்கம் திருப்பினால் டிரெய்லரின் வால் வலப்பக்கம் போகும். பழகியவர்கள் ஸ்டீயரிங்கின் அடிப்பகுதியைப் பிடித்துக்கொள்கிறார்கள். கை போகும் பக்கமே வாலும் போகும், மூளைக்குக் குழப்பம் இல்லை. முகாமில் ஒருவர் ரிவர்ஸ் எடுத்தால் அக்கம்பக்கத்தவர்கள் நாற்காலி போட்டு வேடிக்கை பார்ப்பார்கள். பாதித் தம்பதிச் சண்டைகள் அங்கேதான்.

திருப்பங்களில் பிதாகரஸ் வேலை செய்கிறார். கொக்கி 10 மீட்டர் ஆர வட்டத்தில் வளைகிறது, கொக்கிக்கும் டிரெய்லர் அச்சுக்கும் 6 மீட்டர் என்றால், தொடர்ந்து வளையும்போது டிரெய்லரின் அச்சு 8 மீட்டர் வட்டத்தில்தான் போகும். இரண்டு மீட்டர் உள்ளே. பெட்ரோல் பங்கில் உள்பக்கத் தூணில் உரசி நிற்பதற்கு அந்த இரண்டு மீட்டரே காரணம்.

இறக்கம் இன்னும் மோசம். கொலராடோவில் ஐ-70 நெடுஞ்சாலை 3,401 மீட்டர் உயரத்தில் ஐசன்ஹோவர் சுரங்கத்தைக் கடந்து மேற்கே சில்வர்தோர்ன் ஊருக்கு இறங்குகிறது. ஏறக்குறைய 700 மீட்டர் இறக்கம். வண்டியும் டிரெய்லருமாக 5 டன் என்றால் வெளிப்படும் ஆற்றல் சுமார் 34 மெகாஜூல். நூறு லிட்டருக்கு மேல் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுபோகப் போதும். அத்தனையையும் பிரேக் தலையில் கட்டினால் அது சூடேறிப் பிடிப்பை இழந்துவிடும். இறங்கத் தொடங்கும் முன்பே கியரைக் குறைத்து எஞ்சினையும் சேர்த்துச் சுமக்க விடவேண்டும்.

உயரத்தை மறப்பவர்களும் உண்டு. வட கரோலினாவின் டர்ஹாம் நகரில் 11 அடி 8 அங்குலமே இடைவெளி உள்ள ரயில் பாலம் எத்தனையோ வண்டிகளின் கூரையை உரித்தெடுத்தது. 2019-ல் அதை 8 அங்குலம் உயர்த்தினார்கள். அதன் பிறகும் மோதுகிறார்கள்.

அமெரிக்காவில் இருக்கும் மகனோ மகளோ அடுத்த கோடையில் டிரெய்லர் வாடகைக்கு எடுப்பதாகச் சொன்னால், ஒரு விஷயத்தை மட்டும் கட்டாயம் சொல்லுங்கள். இரும்புப் பந்துகள் 2 அங்குலத்திலும் உண்டு, 2 5/16 அங்குலத்திலும் உண்டு. வித்தியாசம் 8 மில்லிமீட்டர்தான். சின்னப் பந்தின் மேல் பெரிய கொக்கியும் உட்கார்ந்துவிடும். மேடு பள்ளத்தில் கழன்றும் விடும். சரியான அளவைப் பார்த்துப் பூட்டிய பிறகு, முன்பக்க ஜாக்கைச் சுழற்றி டிரெய்லரைச் சற்றே உயர்த்திப் பார்க்க வேண்டும். வண்டியின் பின்பக்கமும் சேர்ந்து எழுந்தால் பூட்டு விழுந்திருக்கிறது. கொக்கி மட்டும் எழுந்தால் விழவில்லை.