அய்யனார் காத்த காடு

ஊரோரப் பசுமை – 7

போன வாரம் நம்மூர்த் தாவரவியல் பூங்காவைப் பார்த்தோம். அது மனிதர் நட்டு வளர்த்த பசுமை. இந்த வாரம் பார்க்கப்போவது யாரும் நடாத காடு. புதுச்சேரி முத்தியால்பேட்டையிலிருந்து முக்கால் மணி நேரத்துக்குள் போய்விடலாம். பலரும் ஏற்கெனவே போய் வந்ததுதான். ஆனால் காட்டுக்குப் போய் வந்தோம் என்று யாரும் சொல்வதில்லை. கோயிலுக்குப் போய் வந்தோம் என்றுதான் சொல்வார்கள்.

ஞாயிற்றுக்கிழமை விடியலில் வேன் கிளம்பும். பின்னால் பொங்கல் பானை, அரிசி, வெல்லம், தேங்காய். நடுவில் மொட்டைக்கும் காதுகுத்துக்கும் காத்திருக்கும் குழந்தை. கோட்டக்குப்பத்திலேயே புதுச்சேரி முடிந்து தமிழ்நாடு வந்துவிடும். முதலியார்சாவடிகளையும் பொம்மையார்பாளையத்தையும் கடந்தால் காலாப்பட்டில் மறுபடி புதுச்சேரி. இன்னும் வடக்கே போனால் மீண்டும் தமிழ்நாடு. பிரெஞ்சுக்காரர்களும் ஆங்கிலேயர்களும் துண்டு துண்டாகப் பங்குபோட்ட நிலம் இன்றும் அப்படியேதான் கிடக்கிறது. அங்கே, விழுப்புரம் மாவட்ட எல்லைக்குள், கீழ்ப்புத்துப்பட்டு மஞ்சனீஸ்வரர் அய்யனார் கோயில். கோயிலைச் சூழ்ந்து நிற்பது அதன் காடு.

வண்டிகள் நிற்கும் இடத்தையும் கடைகளையும் விட்டு மரங்களுக்குள் சற்றுத் தூரம் நடந்தால் போதும், வெயில் மாறிவிடும். சித்திரை மாதத்தில்கூட இலை உதிர்த்து நிற்கும் மரங்கள் இங்கே குறைவு. வீரை, பாலை, கருங்காலி, காயா, எட்டி, நாவல் எல்லாம் நெருங்கி நிற்கின்றன. உயரம் அதிகமில்லை. தடித்துக் கருத்த கொடிகள் ஒரு மரத்தில் ஏறி இன்னொன்றில் இறங்குகின்றன. காயா பூக்கும் நாளில் போனவர்கள் பாக்கியசாலிகள். கிளைக் கணுக்களை ஒட்டிக் கொத்துக் கொத்தாக நீலம் அப்பியிருக்கும். திருமாலைக் காயாம்பூ வண்ணன் என்று பாடியவர்கள் இந்த நீலத்தை நேரில் பார்த்தவர்கள் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

சூழலியலாளர்கள் இதை வெப்பமண்டல உலர் பசுமைமாறாக் காடு என்கிறார்கள். சோழமண்டலக் கடற்கரையின் சொந்தக் காடு இது. பசுமைமாறாக் காடு என்றால் மேற்குத் தொடர்ச்சி மலையின் அடைமழைதான் நம் நினைவுக்கு வரும். இங்கே ஆண்டுக்குச் சுமார் 1,200 மில்லிமீட்டர் மழை. அதிலும் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகையில் கொட்டித் தீர்த்துவிடும். பிறகு மாதக்கணக்கில் வறட்சி. அத்தனையையும் இந்த மரங்கள் தாங்குவது இலையால்தான். வீரையின் இலை ஒன்றை விரலால் தடவிப் பாருங்கள். சிறியது, தடித்தது, மேற்புறம் பளபளக்கும். நீரை எளிதில் ஆவியாக விடாது. உதிரும் சருகும் வேரடியில் மெத்தையாகப் படிந்து மண்ணின் ஈரத்தைக் காக்கிறது.

அந்தச் சருகை நம்பி ஒரு விருந்தாளி வருகிறது. குளிர்காலத்தில் வடக்கேயிருந்து வரும் ஆறுமணிக்குருவி, கடற்கரையோரப் புதர்க்காடுகளில் இறங்கி, சருகைப் புரட்டிப் புழு தேடும். பச்சை முதுகு, செவ்வயிறு, சிறகில் நீலம். காலையும் மாலையும் ஆறு மணியை ஒட்டி அதன் இரட்டை விசில் கேட்கும். சருகைக் குப்பை என்று கூட்டித் தள்ளிய தரையில் அதற்கு வேலையில்லை. சின்னான் குருவியும் பழந்தின்னி வௌவாலும் மரநாயும் பழத்தைத் தின்று விதையைப் பரப்புகின்றன. இப்படித்தான் யாரும் நடாமல் இந்தக் காடு தன்னைத் தானே நட்டுக்கொள்கிறது.

ஒரு காலத்தில் இந்தக் கரை நெடுக இருந்த காடு இன்று சில துண்டுகளாகச் சுருங்கிவிட்டது. கோடியக்கரையிலும் மரக்காணத்திலும் உள்ள உலர் பசுமைமாறாக் காடுகளைப் பற்றி பிளாஸ்கோ, லெக்ரி என்ற இரு பிரெஞ்சு ஆய்வாளர்கள் 1973-லேயே எழுதினார்கள். 1955-ல் தொடங்கப்பட்ட புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் தென்னிந்தியத் தாவரங்களை வரைபடமாக்கிய காலம் அது. பின்னர் காலாப்பட்டில் இருக்கும் புதுவைப் பல்கலைக்கழகத்தினர் புத்துப்பட்டுக் காட்டிலேயே நிலத்தை அளந்து, மரம் மரமாகக் கணக்கெடுத்தார்கள். பக்கத்து மேட்டுநிலத்தில் 1968-ல் ஆரோவில் தொடங்கியபோது அது பெரும்பாலும் பொட்டல். மழை பெய்தால் செம்மண் கரைந்து கடலில் போய்ச் சேரும். அங்கே மரம் வளர்க்க வந்தவர்கள், இந்த மண்ணுக்கு உரிய மரம் எது என்று தெரிந்துகொள்ளப் போய் நின்ற இடங்கள் இத்தகைய கோயில் காடுகள்தான்.

வேலியில்லாத காலத்திலும் இந்தத் துண்டுகள் எப்படித் தப்பின? முத்தியால்பேட்டையில் ஒரு வயதான அம்மாவிடம் கேட்டேன். "அய்யனாரு காட்டுலேர்ந்து ஒரு சுள்ளிகூட வூட்டுக்கு எடுத்தாரக் கூடாது தம்பி. அங்கேயே பொங்கணும், அங்கேயே சாப்புடணும், கையை வீசிக்கிட்டு வரணும்" என்றார். இதைவிடச் சுருக்கமாக ஒரு வனப் பாதுகாப்பு விதியை யாரும் எழுதிவிட முடியாது.

கீழ்ப்புத்துப்பட்டில் இன்னொன்றும் இருக்கிறது: ஈழத் தமிழர் முகாம். பாலை, வீரை, கருங்காலி மூன்றும் ஈழத்தின் வன்னிப் பகுதிக் காட்டு மரங்களும்கூட. கடலுக்கு அக்கரையிலும் இதே உலர் காடுதான். பாலைப்பழம் தின்று வளர்ந்த ஒருவர் ஊரைப் பிரிந்து வந்து தங்கிய இடத்துக்குப் பக்கத்திலேயே அதே மரம் நிற்கிறது. அகதிக்கு ஊர் மண்ணின் அடையாளமாக ஒரு மரமாவது மிஞ்சியிருக்க வேண்டும் என்று நினைக்கிற எவரும் இந்தக் காட்டைச் சாதாரணமாகக் கடந்து போக முடியாது.

ஆனால் அந்த அம்மா சொன்ன விதி எடுத்து வருவதைப் பற்றியது. விட்டு வருவதைப் பற்றி அதில் ஒன்றுமில்லை. அன்று அதற்குத் தேவையும் இருக்கவில்லை. வாழையிலையும் மண்சட்டியும் அங்கேயே மக்கிப் போயின. இன்று நாம் கொண்டு போவது பிளாஸ்டிக் தட்டு, தண்ணீர் பாட்டில், தெர்மாகோல். நூறு பேர் அடுப்பு மூட்டிய தரையில் விதை முளைக்காது. முளைத்த கன்றும் மிதிபட்டால் நாளைக்கு மரமாகாது. பெரிய மரங்கள் நிற்பதால் காடு நன்றாக இருப்பதாகத்தான் தோன்றும். முழங்கால் உயரத்துக் கன்றுகள் இருக்கின்றனவா என்று குனிந்து பார்த்தால்தான் அதன் எதிர்காலம் தெரியும்.

சட்டமும் இப்போது கோயில் காடுகளின் பக்கம் திரும்பியிருக்கிறது. ராஜஸ்தானின் ஓரண் எனப்படும் புனிதக் காடுகள் பற்றிய வழக்கில், அவற்றைக் கணக்கெடுத்து வரைபடமாக்கிப் பாதுகாக்க வேண்டும் என்று 2024 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. திண்டுக்கல் மாவட்டம் காசம்பட்டியின் வீரகோயில் காட்டைத் தமிழ்நாடு அரசு 2025-ல் பல்லுயிர் பாரம்பரியத் தலமாக அறிவித்தது. நம் கரையோரக் கோயில் காடுகளுக்கும் அந்தத் தகுதி வேண்டும் என்று கேட்கும் உரிமை, அங்கே பொங்கல் வைக்கும் ஒவ்வொரு குடும்பத்துக்கும் உண்டு.

மக்கள் வரக்கூடாது என்று இங்கே நான் எழுத மாட்டேன். வருகிறவர்களால்தான் இந்தக் காடு பிழைத்தது. யாருமே போகாத காடாக இருந்திருந்தால், வீட்டுமனையாகும்போது கேட்க ஆளிருந்திருக்காது. ஆகவே போங்கள். கல் கூட்டிய பழைய அடுப்பிலேயே பொங்குங்கள், புதிதாக இடம் செதுக்காதீர்கள். எவர்சில்வர் தட்டு எடுத்துப் போங்கள். பாட்டு போட வேண்டாம்; பறவைகள் அங்கே குடித்தனம் நடத்துகின்றன. படையல் முடிந்ததும் பிள்ளைகளை ஒற்றையடிப் பாதையில் அழைத்துப் போய், இது வீரை, இது பாலை, இது காயா என்று மூன்று மரங்களையாவது பெயர் சொல்லிக் காட்டுங்கள். பெயர் தெரிந்த மரத்தை வெட்ட வந்தால், ஏன் வெட்டுகிறீர்கள் என்று அந்தப் பிள்ளை நாளைக்குக் கேட்கும்.

(அடுத்த வாரம்: ஊசுடு ஏரி)